ஃபிளாப்பியே இல்லாத கம்ப்யூட்டர் ஃபிளாப்பி ஃபெயில்னு சொல்லுது, கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போச்சுங்கறார்

மன்னை_பிரஸ்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க. சின்னதா ஒரு அச்சகம் வச்சிருக்கேன், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, பில் புக்கு இதான் வேலை. பெண்டியம் 4, எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. ஏன்யா இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்னு கேப்பீங்க, பதினஞ்சு வருஷத்துப் பத்திரிகை மேட்டர் எல்லாம் பழைய ஃபான்ட்ல அடிச்சது, புது சிஸ்டத்துல யூனிகோடுல திறந்தா கட்டம் கட்டமா வருது, அதனால இது ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்.

உள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க். ஒண்ணு பழைய 20 ஜிபி, அதுல வெறும் பேக்கப் மட்டும். இன்னொண்ணு சீகேட் 40 ஜிபி, எக்ஸ்பியும் வேலையும் எல்லாம் இதுல. ரெண்டும் தனித்தனி கேபிள்.

ரெண்டு மாசமா காலைல ஆன் பண்ணா "ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில் 40"-ன்னு வந்து எஃப் ஒன்னு அமுக்கச் சொல்லும். இதுல ஃபிளாப்பி டிரைவே கிடையாது, கழட்டி வருஷக்கணக்காச்சு! அமுக்கினா அடுத்து "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்". ஆனா சில நாள் ஒரு தகராறும் இல்லாம நேரா எக்ஸ்பிக்குப் போயிடும், அதான் புரியல. பையன் ஏதோ செட்டப்ல போயி மாத்துவான், வந்துடும், மறுநாள் காலைல திரும்பவும் அதே கதை. அப்புறம் தேதி வேற 2003 ஜனவரி 1-ன்னு காட்டுது, அதை நான் பெருசா கண்டுக்கல.

போன வாரம் சர்வீஸ் கடைல கொடுத்தேன். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு 20 ஜிபியைக் கழட்டி கவர்ல போட்டுக் கொடுத்து, 40 ஜிபி டெட், எங்க மிஷின்ல மாட்டியும் பார்த்துட்டோம் அங்கயும் எடுக்கல, டேட்டா வேணும்னா வெளியூர் அனுப்பணும் 9000 ஆகும்னுட்டாங்க. இப்ப வீட்டுல மாட்டினா "டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்செர்ட் சிஸ்டம் டிஸ்க் அண்ட் பிரஸ் என்டர்"-னு மட்டும் வருது, எத்தனை தடவை போட்டாலும் இதேதான். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் நிக்குது. உண்மையிலேயே போயிடுச்சா? யாராவது சொல்லுங்க.

டெக்_தம்பி:

சார், 20 வருஷ டிஸ்க் இனி எத்தனை நாள் உழைக்கும். டிஸ்க் பூட் ஃபெயிலியர்னு அதுவே சொல்லுது, இதுல யோசிக்க என்ன இருக்கு. எஸ்எஸ்டி போட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கி அதுல விர்ச்சுவல் மிஷின்ல எக்ஸ்பி போட்டுக்குங்க. டேட்டாக்கு அந்த 9000 கொடுக்கறதுதான் வழி. ஜம்பர் மாஸ்டர்ல இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க.

பழைய_இரும்பு:

தம்பி, அவசரப்படாதீங்க. மன்னை அண்ணே, நீங்களும் 9000-த்தை உள்ளயே வைங்க, இன்னும் யாருகிட்டயும் கொடுக்காதீங்க.

இந்த வேலைல நான் 97-லேர்ந்து இருக்கேன். அந்தக் காலத்து பயாஸ், அதான் ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மதர்போர்டு புரோகிராம், திரையில எழுதறதை அப்படியே நம்பினா உருப்பட முடியாது. அதுக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான், கூப்பிட்டேன், பதில் வரல, இல்லைன்னா வந்த பதில் நான் எதிர்பார்த்த மாதிரி இல்ல, அவ்வளவுதான். ஏன் வரலைங்கறது அதுக்குத் தெரியாது, ஆனா எழுதும்போது மட்டும் டிஸ்க் ஃபெயிலு டிஸ்க் ஃபெயிலுன்னு எழுதிடும். கேபிள் கழண்டிருந்தாலும் அதே வாசகம், பவர் கொடுக்கற எஸ்எம்பிஎஸ் சரியா வோல்ட் கொடுக்கலைன்னாலும் அதே வாசகம், செட்டிங் மாறினாலும் அதே வாசகம்.

நீங்க கண்டுக்கலைன்னு சொன்னீங்க பாருங்க அந்த தேதி, அங்கதான் விஷயம் இருக்கு. மதர்போர்டுல நாணயம் மாதிரி 2032 பேட்டரி ஒண்ணு இருக்கும், அது செத்துப்போச்சு. நைட்டு யுபிஎஸ்ஸை அணைக்கிறீங்களா? அணைச்சா தேதியையும் செட்டிங்கையும் வச்சிருக்கற சீமாஸ் மெமரிக்கு கரண்ட்டே இல்ல, எல்லாம் மறந்துடும். அணைக்க மறந்த அன்னிக்கு எஸ்எம்பிஎஸ்லேர்ந்து வர்ற 5 வோல்ட் ஸ்டாண்ட்பை அதைக் காப்பாத்திடும், மறுநாள் காலைல ஒழுங்கா வரும். உங்க "சில நாள் வருது சில நாள் வரல" இதுதான்.

மறந்தா என்ன ஆகும்? கம்பெனி செட்டிங் வந்து உக்காந்துக்கும். அதுல ஏ டிரைவ் 1.44 எம்பின்னு இருக்கும், பயாஸ் இல்லாத ஃபிளாப்பியைக் கூப்பிட்டுப் பார்த்துட்டு ஃபெயில் 40-ன்னு அழும். எந்த டிஸ்க்குலேர்ந்து கிளம்பணும்ங்கற பூட் வரிசையும் மாறிடும், முதல் டிஸ்க்குன்னு உங்க 20 ஜிபிக்குப் போகும். அதுல எக்ஸ்பி கிடையாது, ஆனா எக்ஸ்பில வச்சு ஃபார்மாட் பண்ணதால அதோட பூட் செக்டார்ல எக்ஸ்பியைக் கிளப்பி விடற என்டிஎல்டிஆர் ஃபைலைத் தேடு அப்படிங்கற கோடு மட்டும் இருக்கும். தேடும், இருக்காது, மிஸ்ஸிங்னு போடும். உங்க எக்ஸ்பில இருக்கற என்டிஎல்டிஆர் ஃபைலு பத்திரமா அதோட எடத்துலதான் இருக்கு, கேட்டது வேற வீட்டு வாசல்ல. இதுல கடைக்குப் போற வரைக்கும் ரெண்டு டிஸ்க்குக்கும் ஒரு நோயும் இல்ல.

ஆனா கடைக்குப் போயிட்டு வந்த அப்புறம் வர்ற மெசேஜ் வேற, அது வேற கேஸ். மூணு விஷயம் சொல்லுங்க. ஆன் பண்றப்ப டிஸ்க் சுத்துற சத்தம் கேக்குதா, இல்ல டக் டக்குன்னு அடிச்சுக்குதா? டெலீட் அமுக்கி செட்டப்ல போனா ஐடிஇ பிரைமரி மாஸ்டர்ல டிஸ்க் பேரு என்னன்னு காட்டுது? டிஸ்க் மேல லேபிள்ல என்ன பேரு எழுதியிருக்கு? ரெண்டையும் எழுத்து எழுத்தா அப்படியே அடிங்க, நீங்களா திருத்தாதீங்க. முக்கியமா ஒண்ணு, வேற எங்கயாவது மாட்டி "டிஸ்க் ஃபார்மாட் ஆகல, ஃபார்மாட் பண்ணட்டுமா"-ன்னு கேட்டா தயவுசெஞ்சு சரின்னு அமுக்கிடாதீங்க.

மன்னை_பிரஸ்:

அண்ணே யுபிஎஸ் விஷயம் நூத்துக்கு நூறு கரெக்ட். என் சம்சாரம் தினமும் கடை சாத்தறப்ப மெயினையே அணைச்சுடுவாங்க, நான் சாத்தற அன்னிக்கு மறந்துடுவேன். அப்ப நான் சாத்தின மறுநாள்தான் ஒழுங்கா வந்திருக்கு, இது வீட்டுல தெரியாம இருக்கறது நல்லது.

சத்தம் நல்லாதான் இருக்கு, ஸ்ஸ்ஸ்னு சுத்துது, டக் டக் எல்லாம் இல்ல. ஆனா பேரைப் பார்த்துட்டு எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. லேபிள்ல எஸ் டி 3 4 0 0 1 4 ஏ. திரையில க்யூ டி 1 4 0 0 1 4 ஏ. சைஸ் மட்டும் 40 ஜிபின்னு சரியா இருக்கு. உள்ள இருக்கற போர்டையோ டிஸ்க்கையோ கழட்டி வேற கம்பெனி சரக்கை மாத்தி வச்சுட்டாங்களா? நாளைக்குப் போயி சண்டை போடலாம்னு இருக்கேன்.

பழைய_இரும்பு:

சண்டைக்குப் போகாதீங்க அண்ணே, இது மாத்தின டிஸ்க் இல்ல, உங்க டிஸ்க்கேதான். எனக்கு இதைப் படிச்சதும் சிரிப்பே வந்துடுச்சு, ஏன்னா உங்க டிஸ்க்கு நல்லா இருக்கு, ஒரே ஒரு கம்பி மட்டும் சேரல, எந்தக் கம்பின்னு கூட அந்தப் பேரே சொல்லுது. எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும்.

ஐடிஇ கேபிள்ல, அதான் டிஸ்க்கையும் மதர்போர்டையும் சேர்க்கற பட்டை கேபிள்ல, டேட்டாக்கு 16 கம்பி, 0-லேர்ந்து 15 வரைக்கும் நம்பர். டிஸ்க் தன் பேரைச் சொல்றப்ப ரெண்டு ரெண்டு எழுத்தாதான் அனுப்பும், ஜோடில முதல் எழுத்து மேல் எட்டு கம்பில, ரெண்டாவது எழுத்து கீழ் எட்டு கம்பில. இப்ப உங்க பேரை ஜோடி பிரிங்க: எஸ்டி, 34, 00, 14, ஏ. எங்க மாறியிருக்கு? எஸ் க்யூ ஆயிருக்கு, 3 1 ஆயிருக்கு. ரெண்டுமே ஜோடில முதல் எழுத்து. ரெண்டாவது எழுத்து ஒண்ணு கூட மாறல. அப்ப தப்பு மேல் எட்டு கம்பில.

அடுத்து, எழுத்துக்கு நம்பர் கொடுக்கற ஆஸ்கி கோடுல எஸ்ஸுக்கு ஹெக்ஸ்ல (பத்துக்குப் பதில் பதினாறை வச்சு எண்ற கணக்கு) 53, அதாவது 01010011. க்யூவுக்கு 51, அதாவது 01010001. கடைசிக்கு முந்தின 1 மட்டும் 0 ஆயிருக்கு. 3-க்கு 33, 1-க்கு 31, அங்கயும் அதே எடம்தான். மத்த எழுத்து 0, 1, ஏ எதுலயும் அந்த எடத்துல முதல்லயே 0 தான், அதனால மாற வழியில்ல. ஒரு எடத்துக்கு ஒரு கம்பி, வலது கடைசி எடம் டேட்டா 8, அதனால மேல் எட்டுல ரெண்டாவது கம்பின்னா டேட்டா 9. கனெக்டர்ல அது 6-வது பின்.

சைஸ் எப்படி சரியா காட்டுதுன்னு கேப்பீங்க. 40 ஜிபிக்கு செக்டார் கணக்கு, அதாவது டிஸ்க்குல எத்தனை துண்டுங்கறது, 7,81,65,360. இதை ஹெக்ஸ்ல எழுதினா 04ஏ8பி570. இது ரெண்டு தவணையா வரும், ரெண்டுலயும் அந்தக் கம்பியில வர்றது 0 தான், அதனால தப்பிச்சுது, வேற ஒண்ணுமில்ல அதிர்ஷ்டம். டிஸ்க்குக்குப் போற கட்டளை எல்லாம் கீழ் எட்டு கம்பிலயேதான் போகும், அதனால சொன்ன பேச்சை டிஸ்க் ஒழுங்கா கேக்குது, பதில்தான் குழறுது.

இப்ப டிஸ்க் பூட் ஃபெயிலியருக்கு வருவோம். பயாஸ் முதல் செக்டாரைப் படிச்சு கடைசி ரெண்டு பைட்டு 55, ஏஏ-ன்னு இருக்கான்னு பார்க்கும். அந்த ஏஏ வர்றது மேல் எட்டு கம்பில. 10101010. ரெண்டாவது கம்பி செத்தா 10101000, அதாவது ஏ8. முத்திரை சேரல, இது பூட் டிஸ்க்கே இல்லன்னு பயாஸ் முடிவு பண்ணிடுச்சு, டிஸ்க் பூட் ஃபெயிலியர்.

கடைக்காரர் மிஷின்லயும் ஏன் எடுக்கலைன்னா பின்னு மடங்கியிருக்கறது உங்க போர்டுல இல்ல, டிஸ்க்குலயேதான்னு நினைக்கறேன், அது டிஸ்க் கூடவே அவங்க மிஷினுக்கும் போயிருக்கு. கேபிளை வெடுக்குன்னு இழுத்து கோணலா சொருகினா நடக்கறதுதான், நானே ஆரம்ப காலத்துல நாலஞ்சு டிஸ்க்குல பண்ணியிருக்கேன், வெளிய சொல்லல.

செய்ய வேண்டியது: பவரைப் பிடுங்கிட்டு டிஸ்க்கைக் கழட்டி டார்ச் அடிச்சு பின்னைப் பாருங்க. ரெண்டு வரிசை, வரிசைக்கு இருபது. கேபிள்ல சிவப்புக் கோடு இருக்கற பக்கம் 1-வது பின், பெரும்பாலும் பவர் கனெக்டர் பக்கம்தான் இருக்கும். 1, 3, 5 ஒரு வரிசை, 2, 4, 6 இன்னொரு வரிசை, அந்த ரெண்டாவது வரிசைல மூணாவது. நடுவுல ஒரு பின் இருக்காது, அது 20-வது, பிறவியிலயே கிடையாது, அதைப் பார்த்து பயந்துடாதீங்க. மடங்கின பின்னை இடுக்கியால நிமித்தாதீங்க, உடைஞ்சுடும். காலி ரீஃபில் முனையை வெட்டி எறிஞ்சுட்டு அந்தக் குழாயை பின் மேல சொருகி மெதுவா நிமித்துங்க, ஒரே தடவைல முழுசா வேணாம், ரெண்டு மூணு தவணையா.

டெக்_தம்பி:

அண்ணே ரெண்டு எழுத்து மாறினதை வச்சு பின் நம்பர் சொல்றீங்களே, நான் என்னமோ டிஸ்க்கையே தூக்கிப் போடச் சொல்லிட்டேன். மன்னிக்கணும் சார்.

டிஸ்கெட்_காலம்:

இந்தக் கம்பி விஷயம்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு, திரியை விட்டு வெளிய போறேன், கோச்சுக்காதீங்க. 98, 99 வாக்குல டிடிபி சென்டர் வச்சிருந்தேன், ஆளாளுக்கு ஃபிளாப்பி கொண்டு வருவாங்க. ஒரு நாள் ஒருத்தர் ஃபிளாப்பியை எடுத்துட்டு அடுத்தவர் ஃபிளாப்பியைப் போட்டு ஏ டிரைவைத் திறந்தா முதல் ஆளோட ஃபைல் பேரே வருது. காதணி விழா ஃபிளாப்பிக்குள்ள வளைகாப்பு பத்திரிகை. வைரஸ்னு நினைச்சு ஸ்கேன் பண்றேன், ஒண்ணும் இல்ல. சரி போகட்டும்னு சேவ் வேற பண்ணித் தொலைச்சேன், அவ்வளவுதான், ரெண்டாவது ஆளோட ஃபிளாப்பி குளோஸ். பழைய ஃபிளாப்பியோட எந்த ஃபைல் எங்க இருக்குங்கற எஃப்ஏடி டேபிளை மெமரில வச்சுக்கிட்டு புது ஃபிளாப்பி மேல எழுதிடுச்சு.

காரணம் ஃபிளாப்பி கேபிள்ல 34-வது கம்பி. டிஸ்க் மாத்தியாச்சுன்னு டிரைவ் சொல்றது அது வழியாதான். அது கேபிளோட ஓரக் கம்பி, சிவப்புக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம், கேபினெட் மூடறப்ப உரசி உரசி முதல்ல அறுந்துடும். இதுல ஒரு எர்ரர் மெசேஜும் வராது, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். ஃபெயில் 40-ன்னு கத்தியிருந்தாக்கூட தப்பிச்சிருப்பேன்.

மன்னை_பிரஸ்:

எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல. பையன் டார்ச் பிடிச்சான், நான் லென்ஸ் வச்சுப் பார்த்தேன், நம்ம அச்சு வேலைக்கு வச்சிருக்கற லென்ஸ்தான். ரெண்டாவது வரிசைல மூணாவது பின்னு அப்படியே படுத்துக் கிடக்கு! மத்ததெல்லாம் சிப்பாய் மாதிரி நிக்குது, இது ஒண்ணு மட்டும் தூங்குது. ரீஃபில் வச்சு நிமித்தினேன், கை நடுங்கிடுச்சு. மாட்டி ஆன் பண்ணா எஸ்டி340014ஏ. எக்ஸ்பி வந்துடுச்சு. பேஜ்மேக்கர் ஃபைலெல்லாம் அப்படியே இருக்கு. பேட்டரியும் மாத்திட்டேன், பழசை மீட்டர்ல வச்சா 1.9 காட்டுது, புதுசு 3.2. ஃபிளாப்பியை செட்டப்ல "நன்", அதாவது இல்லைன்னு வச்சுட்டேன், அந்த மெசேஜே இல்ல.

ஒரு சின்ன விஷயம் மட்டும். முதல் நாள் ஆடி ஆடி ரெண்டு மூணு தடவை ஸ்டக் ஆச்சு, அப்புறம் பின்னை இன்னும் கொஞ்சம் நேராக்கி கேபிளை அழுத்தி மாட்டினேன், ஸ்டக் ஆகறது நின்னுடுச்சு. ஆனா இப்ப ஆமை மாதிரி ஓடுது. ஒரு பக்கம் திறக்க ஒரு நிமிஷம், பாட்டு போட்டா விக்கி விக்கி வருது. கடைசில டிஸ்க்கு தேய்ஞ்சுதான் போச்சா?

கோவை_சர்வீஸ்:

இல்லீங்க, தேயலீங்க. இது எக்ஸ்பி பண்ற வேலைங்க. கேபிள் வழியா வர்ற டேட்டா ஆறு தடவை தப்பா வந்தா, இல்ல நேரத்துக்கு வராம போனா, எக்ஸ்பி தானா வேகத்தை ஒரு படி குறைச்சுரும். திரும்பத் திரும்ப நடந்தா குறைச்சுக் குறைச்சு கடைசில பிஐஓ மோடுக்குக் கொண்டாந்து விட்டுரும். அதுல ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமக்கணும், அதான் பாட்டு விக்குதுங்க. கொடுமை என்னன்னா கேபிளை சரி பண்ணதுக்கப்புறமும் அது தானா மேல ஏறாதுங்க, நாமதான் ஏத்தி விடணும்.

டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ கண்ட்ரோலர் கீழ பிரைமரி ஐடிஇ சேனல், அதுல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல கரண்ட் டிரான்ஸ்ஃபர் மோடு என்னன்னு பாருங்க. பிஐஓன்னு இருந்தா அந்த சேனலை ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் கொடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பயப்படாதீங்க, எக்ஸ்பியே திரும்பக் கண்டுபிடிச்சுக்கும். கேபிள் 80 கம்பி கேபிளான்னும் பாருங்க, நைசா நெருக்கமா கோடு இருக்கும். கடைல மாட்டிக் கொடுத்தது 40 கம்பி தடிமன் கேபிளா இருந்தா அல்ட்ரா டிஎம்ஏங்கற வேகமான முறைல 33-க்கு மேல போகாதுங்க.

டிஸ்க் தேய்மானம் பார்க்கணும்னா டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே எழுதி வைக்கற ஸ்மார்ட் கணக்கைக் காட்டற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு மூணு நம்பர் பார்த்தா போதும். 5, 197 ரெண்டும் தட்டு கெட்டுப்போன கணக்கு. 199 வழியில கெட்டுப்போன கணக்கு, அதாவது கேபிளு, பின்னு. 199 மட்டும் ஏறியிருந்து மத்தது சைபரா இருந்தா டிஸ்க்கு மேல பழி போடாதீங்க. அந்த 199 இறங்கவே இறங்காதுங்க, மேற்கொண்டு ஏறாம இருந்தா சரி.

மன்னை_பிரஸ்:

பிஐஓ தான் இருந்துச்சு. அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன், இப்ப அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5-ன்னு வருது, பழைய வேகம் வந்துடுச்சு. 5 சைபர், 197 சைபர், 199 மட்டும் 214. நேத்தும் 214, இன்னிக்கும் 214.

பழைய_இரும்பு:

நல்லது. இன்னிக்கு நைட்டே அந்த ஃபைலெல்லாம் வெளிய ஒரு யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஏத்திடுங்க, ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து, அதை எல்லாரும் மறந்துடுவாங்க. அந்த 20 ஜிபியைத் திரும்ப உள்ள மாட்டாதீங்க, கவர்லயே இருக்கட்டும். நிமித்தின பின்னு ஒரு தடவை நோவு பட்டது, அதனால இனிமே அந்தக் கேபிளைச் சும்மா சும்மா கழட்டாதீங்க.

மன்னை_பிரஸ்:

ஏத்திக்கிட்டுதான் இருக்கேன் அண்ணே, 11 ஜிபி, யுஎஸ்பி 2 போர்ட்டு, பாதி ஆச்சு. யுபிஎஸ்ஸை இனிமே அணைக்கவான்னு சம்சாரம் கேக்கறாங்க, தாராளமா அணைன்னுட்டேன், காரணம் சொல்லல.